அதிபரின் கையொப்பம் என்று விற்கப்படும் நிலப் பட்டயங்கள்: ஓர் எச்சரிக்கை

அமெரிக்க அதிபர்கள் கையொப்பமிட்ட பழைய ஆவணங்களைச் சேகரிப்போருக்கு, குறிப்பாக அண்மையில் இதில் இறங்கியவர்களுக்காக, இதை எழுதுகிறேன். ஆண்ட்ரூ ஜாக்சன் தம் கைப்படக் கையொப்பமிட்டது என்று விளம்பரம் செய்து, 1835ஆம் ஆண்டின் நிலப் பட்டயம் ஒன்றை இணைய ஏல விற்பனையாளர் ஒருவர் எனக்கு விற்றார். அந்தக் கையொப்பம் ஜாக்சனுடையது அன்று.

அரசு நிலத்தைப் பணம் கட்டி வாங்கியோருக்கு உரிமை வழங்கும் பட்டயங்களில் தொடக்கக் கால அதிபர்கள் தாமே கையொப்பமிட்டு வந்தனர். நில விற்பனை பெருகி, கையொப்பத்துக்காகப் பட்டயங்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிப் போகவே, அதிபரின் பெயரால் கையொப்பமிடத் தனிச் செயலர் ஒருவரை நியமிக்க 1833 மார்ச் 2ஆம் நாளின் சட்டம் வழிசெய்தது. ஜாக்சனின் மனைவி ரேச்சலின் சகோதரர் மகனான ஆண்ட்ரூ ஜாக்சன் டொனல்சன் அந்தப் பொறுப்பை ஏற்றார். அவர் முதலில் அதிபரின் பெயரை எழுதி, அதற்குக் கீழே, செயலர் என்ற முறையில் தாம் எழுதியதாகத் தம் பெயரையும் குறிப்பார்.

எனக்கு விற்கப்பட்ட பட்டயத்தில் அந்தக் கீழ்வரியைத்தான் மறைத்திருந்தார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த அகலமான உள் அட்டை, ஜாக்சனின் பெயருக்குச் சற்றுக் கீழே வரை ஏறியிருந்தது; விற்பனையாளர் வெளியிட்ட படங்கள் எல்லாம் சட்டத்தோடு எடுக்கப்பட்டவை. பின்பக்கத் தாளைப் பிரித்துத் தோல்தாளை வெளியே எடுத்தபோது, பழுப்பேறிய மையில் டொனல்சனின் பெயர் தெளிவாக இருந்தது. முத்திரையும் தோல்தாளும் அசல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான் விலை கொடுத்தது கையொப்பத்துக்காக.

பணத்தைத் திருப்பித் தருமாறு எழுதினேன். உண்மைச் சான்றிதழ் ஆவணத்துக்கு மட்டுமே வழங்கப்பட்டது, அது அசல்தான் என்று பதில் வந்தது. அந்தச் சான்றிதழை வழங்கியவரும் அதே விற்பனையாளர்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நான் பணம் செலுத்திய வங்கி அட்டையை வழங்கிய வங்கியிடம் விளம்பரத்தின் படிகளோடு முறையிட்டிருக்கிறேன்.

இத்தகைய பட்டயம் விலைக்கு வந்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள்; 1833 மார்ச்சுக்குப் பிந்தையதானால், கையொப்பம் செயலருடையதாக இருக்கக்கூடும். லிங்கன் பெயரில் வரும் நிலப் பட்டயம் எதுவானாலும் அது செயலர் கையொப்பமிட்டதே. லிங்கன் தம் கைப்பட ஒப்பமிட்டவை படை அதிகாரிகளின் நியமனப் பத்திரங்கள் போன்றவை, அவற்றில் தம் பெயரை முழுமையாக எழுதுவார். கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்த நிலையில், கீழ் விளிம்பு தெரியும் முழுப் படத்தைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் இணையப் பதிவேட்டில், பட்டயம் பெற்றவரின் பெயரையும் மாநிலத்தையும் கொண்டு தேடினால் அலுவலகப் பதிவுப் படியைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். மூலக் கையொப்பம் அங்கே இராது. தேதியையும் செயலரின் பெயரையும் ஒப்பிட்டுக்கொள்ள அது போதும்.

அதே விற்பனையாளரின் அடுத்த ஏலத்தில், மார்ட்டின் வான் பியூரன் கைப்பட ஒப்பமிட்டது என்ற விவரத்தோடு 1838ஆம் ஆண்டுப் பட்டயம் ஒன்று வந்திருக்கிறது. அதுவும் சட்டமிட்டது, அதன் உள் அட்டையும் கீழ்ப்புறத்தில் அகலமானது.