நீரிஸ்–பேராமை மாதிரித் தொகுப்பு: புழு தேறியது, ஆமை தேறவில்லை

விலங்கியல் ஆய்வகங்களுக்கென வரும் இந்தத் தொகுப்பில் இரண்டே உருமாதிரிகள்: 60 செ.மீ. நீளத்தில் நீரிஸ் கடற்புழு, ஓடு திறக்கும் பேராமை (பச்சைக் கடலாமை). முதுகெலும்பில்லாததையும் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்துவது நோக்கம்.

புழுவைச் செய்தவருக்கு நீரிஸைத் தெரிந்திருக்கிறது. தலையில் கண் நான்கு, உணர்கொம்பு இரண்டு, பால்ப் எனும் தடித்த உணர்விழை இரண்டு, பின்னால் பெரிஸ்டோமியத்தில் (வாயைச் சூழ்ந்த வளையத்தில்) சிர்ரை எனும் மெல்லிய உணர்விழைகள் நான்கு ஜோடி, எண்ணிக்கை பிசகவில்லை. தொண்டையை வெளியே இழுத்தால் கறுத்த தாடைகள் இரண்டும் விரிகின்றன. கழற்றிக் காட்டத்தக்க பெரிய பாரபோடியம் (புழுவின் பக்கவாட்டுக் கால்மடல்)தான் தொகுப்பிலேயே உருப்படியான பாகம். மேல் மடல், கீழ் மடல், இரண்டுக்குள்ளும் மடலைத் தாங்கும் கறுப்பு முள்ளான அசிகுலம், நுனியில் நைலான் மயிர்க்கற்றை. ஒரு குறை: முதல் இரண்டு ஜோடி பாரபோடியா ஒற்றை மடலாக இருக்க வேண்டும், இங்கே எல்லாமே இரட்டை. மயிர்கள் பெட்டியில் நசுங்கித்தான் வரும். வெந்நீரில் சற்று நனைத்து நீவினால் ஓரளவு நிமிரும்.

ஆமைக்கு வருவோம். சீட்டில் ‘பேராமை’ என்று போட்டிருக்கிறது. முதுகோட்டின் நடுவரிசைக்கு இருபுறமும் தகடுகளை எண்ணிப் பாருங்கள்: பேராமைக்குப் பக்கத்துக்கு 4, இந்த மாதிரியில் 5. கண்களுக்கு இடையே முன்நெற்றிச் செதில் பேராமைக்கு ஒரே ஜோடி, இதில் இரண்டு ஜோடி. கீழ்த்தாடை விளிம்பில் இருக்க வேண்டிய ரம்பப் பற்களும் இல்லை, வழவழவென்றிருக்கிறது. வேறொரு கடலாமையான பெருந்தலை ஆமையின் அச்சில் வார்த்துப் பச்சைச் சாயம் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதைக்கூடப் பெயரை மாற்றி ஒட்டிச் சமாளிக்கலாம். ஓடு திறக்கும் விதத்தை என்ன செய்வது? முதுகோடு மூடிபோல் கழன்று வருகிறது. விலா எலும்பெல்லாம் உடம்போடு தங்கிவிடுகிறது. ஆமையின் விலாவும் முதுகெலும்பும் ஓட்டோடு ஒன்றாகிப் போனவை. அடியோட்டைக் கழற்றும்படி செய்திருக்க வேண்டும்; அறுவையும் அந்த வழியாகத்தான் நடக்கும். ‘ஆமை ஓட்டுக்குள் குடியிருக்கிறது’ என்று மாணவர் நம்ப இந்த ஒரு மூடி போதும்.

ஒப்பீட்டின் உயிர்நாடி நரம்பு வடத்தில் இருக்கிறது. புழுவில் அது குடலுக்குக் கீழே, வயிற்றுப்புறத்தில். முதன்மை ரத்தக்குழாய் மேலே. ஆமையில் நரம்பு முதுகுப்புறம், இதயம் கீழே. தலைகீழான இந்த அமைப்பு ஒரே பார்வையில் தெரிந்தால்தான் இரண்டையும் சேர்த்து வாங்கியதற்குப் பயன். ஆனால் புழுவின் நரம்புக்கு நீலம், ஆமையின் நரம்புக்கு மஞ்சள். போதாதற்கு ஆமையின் சிரைகளும் நீலம். வாங்கியவுடன் இரண்டு நரம்பையும் அக்ரிலிக் மஞ்சளால் ஒன்றாக்கிவிடுங்கள். ஆமையின் மூன்று அறை இதயம் மட்டும் சரி. கீழறையின் முழுமையடையாத தடுப்பைக்கூடக் காட்டியிருக்கிறார்கள்.

துடைக்க ஸ்பிரிட் வேண்டாம், சாயம் கையோடு வந்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். புழு தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் எடுங்கள். ஆமை வேண்டுமென்றால் வேறு எங்காவது பாருங்கள், பணம் கட்டுமுன் முதுகோட்டுப் படம் கேட்டுத் தகடுகளை எண்ணிவிட்டு.