சிலிண்டரா டிஸ்க்கா? மலையகக் குளிருக்கு எந்தப் பாட்டு மணிக்கூடு

பழைய தோட்ட பங்களா சாமான் விலைக்கு வரும்போது பாட்டுப் பெட்டி வச்ச மணிக்கூடு எப்பவாவது கண்ணுல படும், எதை எடுக்கலாம்னு கேட்டா நான் டிஸ்க் பக்கம்தான்.

ரெண்டுலயும் சத்தம் வாறது இரும்புச் சீப்புல இருந்து, அதாவது ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு சுரம் குடுக்கிற, சீப்பு மாதிரியான இரும்புத் துண்டு. சிலிண்டர்ல பித்தளை உருளைமேல நட்டிருக்கிற ஊசிங்க நேரா சீப்புப் பல்லை மீட்டும். 1796ல ஜெனீவால அன்டுவான் ஃபாவ்ர் கண்டுபிடிச்ச யோசனை இது, யுங்ஹான்ஸ்ங்கிற ஜெர்மன் கம்பெனியோட அலாரம் மணிக்கூடு சிலதுல அடிப்பெட்டிக்குள்ள இதுதான் இருக்கும். சின்ன அறைக்கு அந்த மெல்லிசான சத்தம் அவ்வளவு அழகு, அதை நான் குறைச்சு சொல்லவே மாட்டேன். ஆனா உருளைல இருக்கிற பாட்டோட சரி, மாத்த ஏலாது. அதோட தடிச்ச பல்லுங்களுக்கு அடியில அதிர்வை அடக்க தலைமயிர் மாதிரி கம்பி இருக்கும், நுவரெலியா பனிமூட்டத்துல துருப்பிடிக்கிறது முதல்ல அதுதான், அது போனா பாட்டுக்கு நடுவுல கீச் கீச்சுன்னு கேக்கும்.

டிஸ்க்ங்கிறது வட்டமான உலோகத் தகடு, 1880கள்ல ஜெர்மனியில லைப்சிக்ல சிம்ஃபோனியன் கம்பெனிக்காரங்க கொண்டு வந்தது, பாலிஃபோன் கம்பெனி அதுக்குப் பிறகு. தகட்டோட முனைங்க நட்சத்திரச் சக்கரத்தைத் தள்ளும், சக்கரம்தான் பல்லை மீட்டும். தகடு துருப்பிடிச்சா, வளைஞ்சா வேற தகடு போடலாம், புதுப் பாட்டும் போடலாம், அதான் எனக்குப் பெரிய விஷயம், ஏன்னா நம்ம பக்கத்துல மணிக்கூடு திருத்துற பாஸ்மாரு மணிக்கூட்டை அருமையா ஓட வைப்பாங்க, ஆனா உருளை ஊசியைத் திரும்ப நடுறது வேற தொழில். இடம்தான் நிறையப் பிடிக்கும். ஊசல் வச்ச மணிக்கூடுன்னா, கொழும்புல சரியா ஓடினது இந்த உயரத்துல நாளைக்குக் கொஞ்சம் செக்கன் பின்னால போகும், பழுதுன்னு நினைக்காம குண்டுக்கு அடியில இருக்கிற நட்டைத் திருகி குண்டைக் கொஞ்சம் மேல ஏத்துங்க.

பாட்டுப் பாடுற குக்கூ மணிக்கூட்டுல அநேகமானது அவ்வளவு பழசில்ல, குருவிச் சத்தத்துக்கு இருக்கிற துருத்தியும் ஈரத்துல பூஞ்சணம் பிடிக்கும், எனக்கு வேணாம்.

எதை எடுத்தாலும் டோர்ச் அடிச்சு சீப்புப் பல்லு ஒவ்வொண்ணா பாருங்க, முழுப் பாட்டும் கேளுங்க. முக்கியமா, ஸ்பிரிங் முறுக்கி இருக்கும்போது வேகத்தை அடக்கிற காத்தாடிப் பகுதியைக் கழட்ட யாரையும் விடாதீங்க, அது கழண்டா சிலிண்டர் பேய் வேகத்துல சுத்தி ஊசியும் பல்லும் சேர்ந்தே ஒடைஞ்சிரும்.