ஃபமாச்சா அட்டை: கண்ணைப் பார்த்துக் குடற்புழு மருந்து

உள்ளங்கையில் அடங்கும் ஒரு லாமினேட் அட்டை. அதில் வரிசையாக ஐந்து கண்கள். முதல் கண்ணின் கீழிமை உட்புறம் நல்ல சிவப்பு; ஐந்தாவது காகித வெள்ளை. இவ்வளவுதான் பொருள். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் கன்னி என்ற இன வெள்ளாடு வளர்க்கிறோம். அதன் இரு வகைகளான பால்கன்னியும் செங்கன்னியும் கலந்த பட்டி. மழையிலும் கோடையிலும் இதை வைத்துப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் 1990களில் உருவான அட்டை இது. அங்கே செம்மறிப் பண்ணைகளில் குடற்புழு மருந்துகள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போன நெருக்கடியில் பிறந்தது. குறி வைப்பது ஒரே ஒரு புழுவை: ஹீமாங்கஸ். ஆட்டின் நான்காவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். இறந்த ஆட்டை அறுத்துப் பார்த்தால், சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கியதுபோலக் கிடக்கும். ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தம் எடுக்கும் என்பார்கள். அற்பமாகத் தோன்றும், ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி போகிறது. இரத்தம் குறையக் குறைய இமையின் உட்புறம் வெளுக்கும்; அட்டை பார்ப்பது அதைத்தான். இதில் பெரும்பாலும் கழிச்சல் இருக்காது. ஆடு மேயும், அசை போடும், ஒரு நாள் தாடையின் கீழே நீர் கோத்துத் தொங்கும். அதற்குள் பாதி காரியம் முடிந்திருக்கும்.

பயன்படுத்தும் முறை எளிது, ஆனால் முறை உண்டு. கொட்டிலுக்குள் பார்க்கக் கூடாது, வெளிச்சத்துக்கு ஆட்டைக் கொண்டு வர வேண்டும். மேலிமையால் கண்ணை மூடி லேசாக அழுத்தி, கீழிமையைப் பெருவிரலால் இழுத்தால் உள்சவ்வு பிதுங்கி வரும். உடனே அட்டையோடு ஒப்பிட வேண்டும். பிடித்துக்கொண்டே யோசித்தால் சவ்வு சிவந்து ஏமாற்றிவிடும். இரண்டு கண்ணும் பார்த்து, வெளுப்பு அதிகமான கண்ணின் எண்ணைக் குறிக்க வேண்டும். 4, 5 என்றால் மருந்து கட்டாயம். வெள்ளாட்டுக்கு 3 வந்தாலும் கொடுத்துவிடுவது நல்லது என்று எங்கள் டாக்டர் சொன்னார்.

"கண்ணைப் பிதுக்கிப் பார்க்க ஒரு அட்டை வேண்டுமா, தாயி? எங்கள் அப்பா காலத்திலேயே பார்த்ததுதானே" என்றார் மாமனார். உண்மைதான். ஆனால் அவருடைய வெளுப்பும் என்னுடைய வெளுப்பும் ஒன்றாக இருந்ததே இல்லை. இரட்டைக் குட்டி போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு செங்கன்னியை அவர் "நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். அட்டையில் அது 4. "மாமா, புழுக்கையைக் கொடுத்துப் பார்த்துவிடுவோம்" என்று கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்; கண்ணாடித் தட்டு நிறையப் புழு முட்டை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இந்த வாக்குவாதம் இல்லை.

எந்த ஆட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டாம் என்று சொல்வதற்காகவே நான் இந்த அட்டையை மதிக்கிறேன். நம் பக்கம் வழக்கம், மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, பட்டி முழுவதற்கும் ஊற்றிவிடுவது. பட்டியில் பெரும்பாலான புழுக்களைச் சுமப்பவை சில ஆடுகள்தான். எல்லாவற்றுக்கும் மருந்து ஊற்றினால், மருந்தைத் தாங்கிய புழு மட்டுமே மிஞ்சி முட்டையிடும்; அடுத்த வருடம் அதே பாட்டில் தண்ணீருக்குச் சமம். சிவந்த கண் உள்ள ஆடுகளை விட்டுவைத்தால், மருந்துக்குச் சாகும் புழுவின் முட்டையும் மேய்ச்சல் நிலத்தில் கலந்திருக்கும். மருந்து கொடுக்காமல் இருப்பதற்குக் கை கூசத்தான் செய்தது. இப்போது மருந்துச் செலவு குறைந்திருக்கிறது, குட்டிகளும் தேறியிருக்கின்றன.

இந்த விஷயம் நம் பட்டியோடு முடிவதும் இல்லை. இதே புழு வெளிமானிலும் புள்ளிமானிலும் காணப்பட்டிருக்கிறது. ஆடும் மானும் ஒரே புல்லில் வாய் வைக்கும் இடங்களில், நாம் வளர்த்துவிட்ட மருந்துக்கு அடங்காத புழு மானுக்கும் போகலாம். வல்லநாட்டுச் சரணாலயத்து வெளிமானின் இமையை யார் பிதுக்கிப் பார்ப்பது?

குறைகளும் உண்டு. எண் வரிசை தலைகீழ்: 1 நல்லது, 5 மோசம். மதிப்பெண் பழக்கத்தில் வளர்ந்த என் மகன் முதல் நாள் 5 வந்த ஆட்டைத் தட்டிக்கொடுத்தான். என்னிடம் உள்ள அட்டையில் விளக்கமெல்லாம் ஆங்கிலம்; தமிழில் எழுதி ஒட்டிக்கொண்டேன். வெயிலில் கிடந்தால் நிறம் மங்கும், எனவே உறையில் போட்டு இருட்டில் வைக்க வேண்டும், வருடத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்காது. பயிற்சி முடித்தவர்களுக்குக் கொடுப்பது. இதைத் தெரிந்துகொண்டு ஒரு மருந்துக் கடைக்காரர் வண்ண நகல் எடுத்து விற்கிறார். வாங்கி ஒப்பிட்டேன். மூன்றாவது கண் செங்கல் நிறம், நான்காவது ஆரஞ்சு. நிறத்தை நம்பும் பொருளில் நிறமே தவறு. காசு திரும்பக் கேட்டதற்கு, "ஆட்டுக்குத் தெரியவா போகிறது" என்றார்.

அட்டைக்குத் தெரியாதவை நிறைய. நாடாப்புழு தெரியாது. குட்டிகளைக் கழிச்சலில் சாய்க்கும் இரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணியும் தெரியாது. உண்ணி கடித்தாலும் ஈரல் தட்டைப்புழு இருந்தாலும் கண் வெளுக்கும். காரணத்தை அது பிரித்துச் சொல்லாது. வைரஸ் அதன் எல்லைக்கே வெளியே. இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதலில் கண்டறியப்பட்டது நம் விழுப்புரம் மாவட்டம் அரசூரில், 1987இல். மூக்கு ஒழுகல், வாய்ப்புண், காய்ச்சல், கழிச்சல் என்று நாள்கணக்கில் பட்டியைக் காலி செய்யும். மங்கோலியாவில் 2016இல் ஆடுகளிடம் பரவி, சைகா மான்களை ஆயிரக்கணக்கில் கொன்றதும் இதே நோய்தான். அதற்குத் தடுப்பூசி மட்டுமே வழி. கண் சிவப்பாக இருக்கிறதே என்று ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, அட்டை மருந்தின் அளவைச் சொல்லாது. செம்மறிக்குப் போதும் அளவு பல மருந்துகளில் வெள்ளாட்டுக்குப் போதாது. சினை ஆட்டுக்கு ஆல்பெண்டசோல் கொடுக்கும் முன் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும்.

மேய்ச்சலுக்கு விடுகிறவர்கள் அவசியம் பயிற்சிக்குப் போய் வாங்குங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். பரண் மேல் வளர்த்துத் தீவனம் வெட்டிப் போடுகிறவர்களுக்கு அவ்வளவு அவசரமில்லை.