டென்மார்க்கில் கடற்கரை வீடு எடுக்கிறீர்களா? பெட்டியை இறக்குமுன் மீட்டரைப் பாருங்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், வார இறுதியில் எங்காவது கடலோரமாகக் கூட்டிப் போகலாம் என்று நினைக்கும் கோபன்ஹேகன்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 3,200 குரோனர் என்று விளம்பரத்தில் போட்டிருந்த வீட்டுக்கு நான் கடைசியில் அழுதது 5,800.

2025 ஜூன், பெந்தெகொஸ்தே வார இறுதி. 9ஆம் தேதி திங்களும் விடுமுறை என்பதால் வெள்ளி மாலையிலிருந்து மூன்று இரவு. ஜூலை பிறந்துவிட்டால் இந்த ‘சொம்மர்ஹுஸ்’ (கோடை விடுமுறை) வீடுகளைப் பெரும்பாலும் சனியிலிருந்து சனி வரை முழு வாரமாகத்தான் விடுவார்கள். அதனால் ஜூனிலேயே முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டேன். ஊர் ஸ்காகென், நாட்டின் வடகோடி முனை.

ஊரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மஞ்சள் சுவரும் சிவப்பு ஓடுமாக வீடுகள், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். கிரேனென் மணல்முனையில் ஸ்காகெராக், காட்டெகாட் என்ற இரண்டு கடல்களும் எதிரெதிரே வந்து மோதுவதைப் பார்த்த அம்மா, “கன்னியாகுமரி மாதிரியே இருக்கு, ஒரு கடல்தான் குறையுது” என்றார். நீரோட்டம் பொல்லாதது, அங்கே குளிக்கத் தடை. காலை நனைத்ததோடு சரி. மணல் மூடிக்கொண்டே வந்ததால் 1795இல் கைவிட்ட தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரத்தையும் பார்த்தோம். அதெல்லாம் குறையில்லை. வீட்டுக்கு வருகிறேன்.

வாசலில் நம்பர் போட்டுத் திறக்கும் சாவிப்பெட்டி. ஆள் யாரும் இல்லை. மெத்தை, தலையணை, குளிர்ப்போர்வை உண்டு. விரிப்பும் துண்டும் இல்லை. முன்கூட்டியே தனிக்காசு கட்டிச் சொல்லியிருக்க வேண்டுமாம். அன்றிரவு அப்பாவின் இரண்டு வேட்டிகளும் மனைவியின் ஒரு காட்டன் புடவையும் படுக்கை விரிப்பாயின. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். இங்கே பல வீடுகளில் இதுதான் வழக்கம், எனக்குத் தெரியவில்லை.

மேசைமேல் ஒரு தாள். மின்மீட்டர் தொடக்க ரீடிங் 58412 என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. இதுதான் நான் செய்த தப்பு.

அப்பா மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டுக்குப் போனாலும் கண் மீட்டருக்குத்தான் போகும். சனி காலை ஏழு மணிக்கு எல்லாரும் தூங்கும்போது பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து என்னை எழுப்பினார்.

“58523 ஓடியிருக்குடா. ஒரு ராத்திரிக்கு 111 யூனிட். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கே 100 யூனிட்தான் இலவசம். இங்க ஒரு ராத்திரியில அதையும் தாண்டிருச்சு. தொடக்க ரீடிங் யாரு எடுத்தா?”

“விடுங்கப்பா, லீவுக்கு வந்த இடத்துல...” என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அவர் விடவில்லை. வீட்டைச் சுற்றி வந்து காரணத்தையும் கண்டுபிடித்தார். பின்னால் மரத்தளத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டி, 38 டிகிரியில் கொதிக்காத குறையாக நின்றது. நாங்கள் அதைத் தொடவே இல்லை. நாங்கள் வருமுன்பே யாரோ நீர் நிரப்பிச் சூடேற்றத் தொடங்கியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு மூன்று அறையிலும் மின் ஹீட்டர் 24இல் இருந்தது. எல்லாவற்றையும் அணைத்தோம். அதற்குப் பிறகு சமைத்தோம், குளித்தோம், பிள்ளைகள் ஒரு சாயங்காலம் அந்தத் தொட்டியிலும் ஆடினார்கள். திங்கள் காலை ரீடிங் 58626. அதாவது இரண்டு முழு நாளுக்கு 103 யூனிட், முதல் பதின்மூன்று மணி நேரத்துக்கு மட்டும் 111.

விளம்பரத்தில் வாடகைக்குக் கீழே பொடி எழுத்தில் ‘ஃபோர்ப்ரூக்’ தனி என்று இருந்தது. மின்சாரம், தண்ணீர் பயன்பாட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மின்சாரம் யூனிட் 3.95 குரோனர், நம் கணக்கில் ஐம்பது ரூபாய். 214 யூனிட்டுக்கு 845 குரோனர். தண்ணீர் 4 கனமீட்டருக்கு 360. தொட்டியை நிரப்பிய நீரும் எங்கள் தலையில்தான் என்பது என் சந்தேகம். பதிவுக் கட்டணம் 245 முதலிலேயே போய்விட்டது.

இதற்கு மேல் சுத்தம் செய்யும் கூலி 1,150. நாமே சுத்தம் செய்தால் அது வேண்டாம் என்றுதான் ஒப்பந்தம். நானும் மனைவியும் ஞாயிறு இரவு மூன்று மணி நேரம் தேய்த்தோம். சோபா இடுக்கில் மணல், வெள்ளைச் சமையல் மேடையில் மஞ்சள் கறை, வீட்டில் ‘மசாலா வாசனை’ என்று எழுதி முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். மஞ்சள் கறை எங்களுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். வாசனைக்கு எத்தனை குரோனர், கறைக்கு எத்தனை என்று கேட்டேன். பதில் இல்லை. மின்சாரம், தண்ணீர், கூலி எல்லாம் போக 3,000 முன்பணத்தில் திரும்பி வந்தது 644 குரோனர் 70 ஓரே.

அப்பா எடுத்த ரீடிங்கை மூன்று வரி மின்னஞ்சலில் எழுதினேன். வந்து 24 மணி நேரத்துக்குள் தொடக்க ரீடிங் தவறென்று தெரிவித்திருந்தால்தான் திருத்துவோம் என்று ஒப்பந்தத்தின் ஒரு பத்தியைக் காட்டினார்கள். அப்பா சொன்னது பதின்மூன்றாவது மணி நேரத்தில். அப்போதே ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தால் வேலை முடிந்திருக்கும். தூங்கினேன்.

ஏஜென்சியின் பெயரை இங்கே போடவில்லை. எந்த ஏஜென்சி ஆனாலும் வீட்டைத் திறந்ததும் மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டையும் நேரம் தெரியும்படி படம் எடுத்து அந்த நிமிடமே மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொட்டி, சவுனா உள்ள வீடென்றால் சூடேற்றும் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். கிளம்பும்போது ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுங்கள், அடுப்பையும் சோபா இடுக்கையும் சேர்த்து.

விடுமுறை வீட்டு வாடகைத் தகராறுக்கென்றே இங்கே ஒரு முறையீட்டு வாரியம் இருக்கிறது என்று அலுவலகத்து டேனிஷ் நண்பர் சொன்னார். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். வாட்ஸப்பில் பேத்தியை விசாரித்த கையோடு அந்த 111 என்ன ஆச்சு என்றும் கேட்கிறார்.