மோட்டார் வைண்டிங் கத்துத் தர்றோம்னு பணம் கேட்டாங்கன்னா, கட்டுறதுக்கு முன்னாடி இதப் படிங்க

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். போன வாரம் உடுமலை பஸ் ஸ்டாண்ட்ல நான் பாத்து ஏமாந்த அதே நோட்டீஸ் மறுபடி ஒட்டியிருக்கறதப் பாத்தேன். அதே வாசகம் தான், 6 மாசத்துல மோட்டார் ரீவைண்டிங் (தீஞ்ச மோட்டார்ல பழைய காயில உருவிட்டுப் புதுசாத் தாமிரக் கம்பி கட்டறது), அரசு அங்கீகாரம், நூறு சதவீத வேலை உத்தரவாதம். கட்டணம் மட்டும் 28,000ல இருந்து 35,000 ஆயிருக்கு. அதுக்கு மேல சும்மா இருக்க மனசு கேக்கல. கேஸ் போட்டிருக்கறதால இடத்தோட பேர் சொல்லல, கோயம்புத்தூர் பக்கம்னு மட்டும் வச்சுக்கோங்க.

எங்க ஊர்ப் பக்கம் பூரா தென்னந்தோப்பு, தோட்டத்துக்குத் தோட்டம் போர் மோட்டார். கோடைல வோல்டேஜ் எறங்கும், இல்லாட்டி மூணு பேஸ் கரண்ட்ல ஒரு ப்யூஸ் போயி மீதி ரெண்டு பேஸ்லயே மோட்டார் ஓடித் தீஞ்சிரும். அந்த நேரத்துல வைண்டிங் கடைல போய் நின்னா, நாலு நாள் ஆகும் அண்ணான்னு சொல்லுவாங்க, அந்த நாலு நாளும் இங்க வெள்ளாம காயும். அதப் பாத்தே வளந்தவன் நான். பன்னெண்டாவது முடிச்சதும் இந்தத் தொழில் கத்துக்கிட்டா ஊர்லயே கடை போட்டுப் பொழச்சுக்கலாம்னு தோணுச்சு. அம்மா சொசைட்டில காதுத் தோட்ட அடகு வச்சுப் பணம் வாங்கிக் குடுத்தாங்க.

சேர்ற அன்னிக்கு ஆபீஸ் செவுத்துல பிரேம் போட்டு ஒரு சர்டிபிகேட் மாட்டியிருந்துச்சு, அசோகச் சக்கரம் எல்லாம் போட்டு. பாருங்க தம்பி, மத்திய அரசு அங்கீகாரம்னாங்க. எனக்கும் எங்கப்பாவுக்கும் அப்ப தெரியல, அது வெறும் உத்யம் பதிவு. எம்எஸ்எம்இ ன்னு சொல்லுவாங்கல்ல அது தான். ஒரு பொட்டிக்கடைக்காரர் கூட ஆன்லைன்ல காசில்லாமப் பதிஞ்சுக்கலாம், தொழில் நடத்துறோம்ங்கறதுக்கான பதிவு அது, பாடம் நடத்தி சர்டிபிகேட் குடுக்கற அனுமதி கெடையாது. அடுத்து பத்தாவது பன்னெண்டாவது ஒரிஜினல் மார்க்‌ஷீட் கேட்டாங்க, பாதில யாரும் நின்னுடக் கூடாதுன்னு பாதுகாப்புக்காம். குடுத்தேன். நான் செஞ்சதுலயே பெரிய தப்பு அது தான், பணம் போனதக் கூட அப்புறம் தான் சொல்லுவேன்.

மொத மாசம் என்ன வேலைன்னா, தீஞ்ச ஸ்டேட்டர்ல (மோட்டார்ல சுத்தாம நிக்கற, காயில் கட்டியிருக்கற பாகம்) காயிலோட ஒரு பக்கத்த உளி வச்சு வெட்டி, மறுபக்கம் கொறடு போட்டு இழுக்கறது. கிளவ்ஸ் கெடையாது, உள்ளங்கை பூரா கீறல். வார்னிஷ் இறுகி வராத மோட்டார பின்னாடி காலியிடத்துல பழைய டயர் துண்டு போட்டு எரிக்கச் சொல்லுவாங்க, அந்தப் பொகை நெஞ்சுல போய் ராத்திரி பூரா இருமல். இப்ப வேலை பாக்கற எடத்துல மாஸ்டர் சொன்னப்பறம் தான் தெரிஞ்சுச்சு, அப்படிக் கண்டபடி எரிச்சா ஸ்டேட்டர்ல அடுக்கியிருக்கற ஸ்டாம்பிங் இரும்புத் தகட்டுக்கு நடுவுல இருக்கற இன்சுலேசனும் சேந்து போயிரும், அப்புறம் எவ்வளவு நல்லாக் கட்டினாலும் அந்த மோட்டார் சூடாகிட்டே தான் இருக்கும். அதாவது எங்க கையாலயே ஊராங்க மோட்டாரக் கெடுக்க வச்சிருக்காங்க. உருவுன தாமிரம் எல்லாம் சாயங்காலம் தராசுல எடை போட்டு வண்டில போயிரும். நாங்க ஒம்போது பேர், ஆளுக்கு 28,000 கட்டிட்டு கூலி இல்லாம கம்பி உருவிக் குடுத்துட்டு இருந்திருக்கோம். மூணாவது மாசத்துலருந்து மாசம் 3,000 ஸ்டைபண்டுன்னு சேரும்போது சொன்னாங்க, கடைசி வரைக்கும் ஒரு ரூவா வரல.

கத்துக்க வேண்டியதே டேட்டா எடுக்கறது தான், அத எங்க கண்ல காட்டவே இல்ல. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், பழைய காயில உருவறதுக்கு முன்னாடி மோட்டார்ல எத்தன ஸ்லாட் (காயில் உக்கார்ற காடி), எந்த ஸ்லாட்லருந்து எந்த ஸ்லாட்டுக்கு காயில் போகுது, ஒரு காயிலுக்கு எத்தன சுத்து, கம்பி என்ன கேஜ், ஒத்தக் கம்பியா ரெட்டையா, மூணு பேஸ் காயிலயும் சேக்கற கனெக்சன் ஸ்டாரா டெல்டாவா, இத்தனையும் நோட்டுல எழுதிக்கணும். அது இல்லாம காயில் கட்டறது அளவு எடுக்காம சட்ட தைக்கற மாதிரி. அங்க இருந்த மாஸ்டர் எங்கள வெளிய அனுப்பிட்டுத் தான் அத எழுதுவாரு, நோட்டு அவரு பேண்ட் பாக்கெட்லயே இருக்கும். கேட்டா, மொதல்ல கை பழகட்டும்டா, அப்புறம் பாக்கலாம்பாரு. அஞ்சாவது மாசமும் அதே பதில். ஸ்லாட்டுக்குப் பேப்பர் வெட்டிப் போடறது, மூங்கில் குச்சி சீவறது, டீ வாங்கிட்டு வர்றது, இவ்வளவு தான் என் ஆறு மாசம். ஒரே ஒரு சீலிங் பேன் மட்டும் நானே கட்டினேன், அதுக்கும் கனெக்சன் அவரு தான் குடுத்தாரு.

வேலை உத்தரவாதம்னு சொன்னது ஒரு பம்ப் கம்பெனில காண்ட்ராக்ட் ஆள் மூலமா பேக்கிங் வேலை. வைண்டிங் செக்சன் பக்கமே விடல. பத்து நாள்ல வந்துட்டேன். மார்க்‌ஷீட்டத் திருப்பிக் கேட்டா பாக்கி 7,000 இருக்குன்னாங்க, டூல் கிட்டுக்காம். நான் டூல் கிட்ட கண்ணால பாத்ததில்ல. ரெண்டு மாசம் அலைய விட்டாங்க. கடைசில அப்பாவும் நானும் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகார் வாங்கினதுக்கு ஸ்டேசன்ல குடுக்கறது) வாங்கினோம், எஸ்ஐ ஒரு போன் போட்டாரு, மறுநாளே மார்க்‌ஷீட் கைக்கு வந்துருச்சு. பணம் வரல. நுகர்வோர் உதவி எண் 1915 க்கு கால் பண்ணி புகார் பதிஞ்சோம், அந்தப் பயிற்சி எடத்துக்காரங்க பதிலே தரலன்னதும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போட்டிருக்கோம். நாம கட்டின பணம் அஞ்சு லட்சத்துக்குள்ள இருந்தா அங்க பீஸ் கட்ட வேண்டியதில்ல. பணம் கட்டினதுக்கு எங்ககிட்ட இருக்கறது ஜிபே ஸ்கிரீன்ஷாட் ரெண்டும் துண்டுச் சீட்டு ஒண்ணும் தான், மீதி ரொக்கமாக் குடுத்தது. ரசீது கேக்கக் கூச்சப்படாதீங்க.

அப்புறம் தான் ஒரு சின்ன வைண்டிங் கடைல சேந்தேன். கடைக்காரர் அண்ணன் அங்க எனக்குக் குடுத்த சர்டிபிகேட்டப் பாக்கவே இல்ல. ஒரு 24 ஸ்லாட் ஸ்டேட்டரக் கைல குடுத்து, டேட்டா எடு தம்பின்னாரு. நின்னேன், கண்ணு கலங்கிருச்சு. அவரு எதுவும் சொல்லாம உள்ள போயி ஒரு புது நோட்டு எடுத்துட்டு வந்து குடுத்து, இதுல தேதி போடு, கஸ்டமர் ஊர் போடு, ஹெச்பி போடு, ஒவ்வொரு ஸ்லாட்டா எண்ணு, தப்பானாப் பரவால்லன்னாரு. அன்னிக்கு ராத்திரி ஒம்போது வரைக்கும் எண்ணினேன். அதே வாரம் தீஞ்ச மோட்டாரப் பாத்தே காரணம் சொல்லக் கத்துக் குடுத்தாரு, ஸ்டார் கனெக்சன்ல ரெண்டு பேஸ் காயில் மட்டும் கருகி ஒண்ணு நல்லாருந்தா ஒரு பேஸ் இல்லாம ஓடியிருக்கு, டெல்டாவா இருந்தா ஒரு பேஸ் மட்டும் கருகியிருக்கும், எல்லாமே ஒரே மாதிரி கருகியிருந்தா ஓவர்லோடு இல்ல லோ வோல்டேஜ். ஆறு மாசம் நான் உருவுன ஸ்டேட்டர் எல்லாத்துலயும் இது எழுதியிருந்திருக்கு, படிக்கத் தான் யாரும் சொல்லித் தரல.

பணம் கட்டாமயே கத்துக்க வழி இருக்கு, எனக்கு அப்ப யாரும் சொல்லல. பேங்குகாரங்க மாவட்டத்துக்கு மாவட்டம் நடத்தற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையத்துல மோட்டார் ரீவைண்டிங் 30 நாள், சாப்பாடு தங்கறது உட்பட இலவசம். எப்ப பேட்ச் ஆரம்பிக்குதுன்னு நேர்ல போய்க் கேட்டுக்கோங்க. அரசு ஐடிஐல எலக்ட்ரீசியன் ரெண்டு வருசம், அங்க மாசம் 750 ரூவா உதவித்தொகையும் உண்டு. அப்ரண்டிஸ்னு சொல்லி ஒரு கம்பெனி சேத்தா 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் பதியணும், ஸ்டைபண்ட் அவங்க தான் நமக்குக் குடுக்கணும், நம்மகிட்ட வாங்கக் கூடாது.

தனியார் எடத்துல தான் சேரணும்னா பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் போய் உக்காந்து பாருங்க. பழைய பசங்க கிட்ட, உன் டேட்டா நோட்டக் காட்டுன்னு கேளுங்க. நோட்டு இல்லன்னா அப்படியே பஸ் ஏறிருங்க.

இப்ப அங்க உள்ள இருக்கற தம்பிங்க யாராவது இதப் படிச்சா, எதுக்கும் காத்திருக்காம மொதல்ல மார்க்‌ஷீட்ட வாங்குங்க. தர மாட்டேன்னா வீட்ல இருந்து பெரியவங்களக் கூட்டிட்டு நேரா ஸ்டேசன் போங்க. எங்க பேட்ச்ல ரெண்டு பேரோடது இன்னும் அங்க தான் இருக்கு.