கடற்கரையில் கிட்டார் ஆம்ப் நின்றுபோனால்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் ஒரு கிட்டார் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) நின்றுபோனால் எல்லாரும் முதலில் கேட்பது "சரிபண்ண எவ்வளவு ஆகும்?" என்றுதான். அதைக் கேட்பதற்கு முன்னால் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைப் பார்த்தாக வேண்டும். மதுரையில் இருக்கிற ஆம்புக்கு எந்தப் பாகம் போனது, அதன் விலை என்ன என்று பார்த்தால் கணக்கு முடிந்துவிடும். இங்கே முடியாது. போனது சில பத்து ரூபாய் ஐசியாகவே இருக்கட்டும். போர்டின் செம்புத் தடங்களை உப்பு தின்றிருந்தால், ஐசி மாற்றிய ஆம்ப் அடுத்த வாடைக் காற்று முடிவதற்குள் வேறோர் இடத்தில் நிற்கும். போர்டு சுத்தமாக இருந்தால், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் ஐசியே வெடித்திருந்தாலும் தயங்காமல் பழுது பார்க்கலாம், பல வருடம் ஓடும்.

உப்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், 33 சதவீதத்திலேயே நீர் இழுக்கும். ஆகவே போர்டின் மேல் படிந்த உப்புப் படலம் இந்தக் கரையில் பெரும்பாலான நாட்கள் ஈரமாகவே இருக்கும், மின்சாரத்தையும் கடத்தும். ஸ்பீக்கர் பக்கம் அது தெரியாது. 8 ஓம் சுற்றுக்கு அந்தக் கசிவு பொருட்டே இல்லை. இன்புட் பக்கம் கதை வேறு. 15 வோல்ட் தடத்திலிருந்து 100 மெகாஓம் அளவுக்கு ஒரு கசிவு இருந்தாலே 1 மெகாஓம் இன்புட்டில் 0.15 வோல்ட் வந்து உட்காரும். கிட்டார் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச்சுருள்) தருகிற சிக்னலும் ஏறக்குறைய அந்த அளவுதான். அந்தக் கசிவு ஏறி இறங்கும்போது கேட்பதுதான் மழைக்காலத்து 'கரகர'. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்ட காற்று இது. ஆம்ப் போர்டின் செம்புத் தடமோ 35 மைக்ரான் கனம்தான்.

திறப்பதற்கு முன் சில சோதனைகள். விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை அல்லது விட்டு விட்டு வருகிறது என்றால் ஆம்ப் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பின்னால் 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு கால் இஞ்ச் ஜாக் இருந்தால், ஒரு சின்ன கிட்டார் வயரால் இரண்டையும் இணைத்துப் பாருங்கள். சத்தம் முழுதாக வந்தால் கோளாறு ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் சுவிட்ச் தகட்டில். எதுவும் செருகாதபோது சிக்னல் அந்தத் தகடு வழியாகத்தான் போகிறது. யாரும் தொடாத ஜாக் என்பதால் அதில்தான் முதலில் துரு ஏறும். ஹெட்ஃபோன் ஜாக்கும் இதே வகை: ஹெட்ஃபோனில் நன்றாகக் கேட்டு ஸ்பீக்கரில் வரவில்லை என்றால், ஸ்பீக்கர் வயருக்கு அடுத்தபடி அந்த ஜாக்கைச் சந்தேகப்படுங்கள். காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஒரு துளி அடித்து, பிளக்கை இருபது தடவை செருகி எடுத்தால் பெரும்பாலும் உயிர் வரும். வண்டிச் சங்கிலிக்கு அடிக்கிற துருநீக்கி எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். அன்றைக்குச் சரியாகிவிட்டது போல இருக்கும். எண்ணெய்ப் படலம் தூசியையும் உப்பையும் பிடித்துவைத்து சில மாதத்தில் முன்னைவிட மோசமாக்கும்.

விளக்கே எரியவில்லை என்றால் ஃபியூஸ். கண்ணாடி தெளிவாக இருந்து உள்ளே கம்பி மட்டும் அறுந்திருந்தால் அது வயதாலோ ஒரு கண வோல்டேஜ் ஏற்றத்தாலோ போயிருக்கலாம். கண்ணாடி கறுத்தோ வெள்ளி பூசியது போலவோ இருந்தால் உள்ளே ஷார்ட். பின்பலகையில் எழுதியிருக்கும் அளவே போட வேண்டும். எண்ணுக்கு முன் 'டி' இருந்தால் மெதுவாக உருகும் வகை. ஃபியூஸ் இடத்தில் கம்பி சுற்றிவிட்டு ஓட்டிய ஆம்புகள்தான் டிரான்ஸ்ஃபார்மர் கருகி வருகின்றன. புது ஃபியூஸ் போட்டு நேராக மெயினில் செருகாமல், 60 வாட் பழைய குண்டு பல்பை மெயின் வயரில் சீரியஸில் (தொடராக) போட்டு ஆன் செய்யுங்கள். பெரிய ஆம்புக்கு 100 வாட். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. எஸ்எம்பிஎஸ் (கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஸ்விட்சிங்) சப்ளை உள்ள ஆம்பிலும் இந்தச் சோதனையை நம்ப முடியாது, பல்பு விட்டுவிட்டு மின்னிக் குழப்பும்.

திருவிழா நேரத்தில் ஜெனரேட்டருக்கும் லைனுக்கும் மாற்றும்போதோ, நியூட்ரல் அறுந்தபோதோ போன ஆம்ப் என்றால் ஒன்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். நியூட்ரல் போனால் 230 வோல்ட் இடத்தில் 400 வரை ஏறும். பல ஆம்புகளில் மெயின் உள்ளே வரும் இடத்தில் நீலவட்டு வேரிஸ்டர் (வோல்டேஜ் மிஞ்சினால் மின்சாரத்தைத் தன்வழியே விடும் பாகம்) ஒன்று குறுக்கே இருக்கும், வழக்கமாக 14டி431. அது ஷார்ட் ஆகி ஃபியூஸை அறுத்துத் தன் வேலையைச் செய்திருக்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு சீரியஸ் பல்பில் போட்டால் ஆம்ப் ஓடினால், அதே எண்ணில் புது வேரிஸ்டர் வைத்தால் போதும்.

டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியை (மெயின் வந்து சேரும் சுற்று), பிளக்கை எடுத்த நிலையில், சுவிட்சை ஆன் செய்து, பிளக் முனைகளிலேயே மல்டிமீட்டர் வைத்து அளக்கலாம். சின்ன ஆம்பில் சில பத்து ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஃபியூஸ், சுவிட்ச், அதன்பின் பிரைமரியின் மஞ்சள் டேப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும், சூடு மிஞ்சினால் அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸ். பிரைமரி எரிந்துவிட்டது என்று ஒதுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சிலவற்றில் போனது இது மட்டும்தான். அதே வெப்ப அளவில் புதியது போடுங்கள். சால்டர் வைக்கும்போது காலை இடுக்கியால் பிடித்துக்கொள்ளாவிட்டால் புது ஃபியூஸும் அங்கேயே உருகிவிடும். வெளித்தகடு முழுக்கச் செந்துருவாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் தோற்றம்தான்.

இனி போர்டு. மூடியைத் திறந்ததும் பெரிய கெப்பாசிட்டர்களை வெறுமையாக்குங்கள்: 470 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை கால்களுக்குக் குறுக்கே 15 விநாடி பிடித்தால் 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இறங்கிவிடும், மீட்டரில் உறுதி செய்யுங்கள். வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்பில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்கவே கூடாது.

பிறகு டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சால்டரின் மேல் வெள்ளைப் பூப்பு மட்டும் இருந்தால் கழுவினால் போகும். பாகங்களின் கால்களைச் சுற்றிப் பச்சை இருந்தால் செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் காப்பாற்றலாம். போர்டின் பச்சை வர்ணப் பூச்சுக்கு அடியில் தடமே கறுத்து, பூச்சு கொப்புளமாக எழும்பியிருந்தால் அங்கே ஊசி முனையால் மெதுவாகச் சுரண்டுங்கள். அடியில் செம்பு மின்னினால் சரி. கறுப்புப் பொடியாக உதிர்ந்தால் அந்தத் தடம் முடிந்தது. உதிர்ந்த இடத்தில் சால்டரை இழுத்துப் பூசுவதில் பயனில்லை, அது ஒட்டாது. ஒரு பாகத்தின் காலிலிருந்து அடுத்ததன் கால் வரை மெல்லிய வயர் போட வேண்டும். இரண்டு மூன்று தடம் என்றால் போடலாம். நான்கைந்துக்கு மேல் போனால், அல்லது ஐசிக்கு அடியில் கறுத்திருந்தால், அந்தப் போர்டை விட்டுவிடுவதே நல்லது. இருபக்கப் போர்டில் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் துளைகளுக்குள் ஓடும் அரிப்பு கண்ணுக்கே தெரியாது. மூங்கில் குச்சியால் தட்டும்போது ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வோர் இடத்தில் சத்தம் விட்டுப்போனால் அதுதான் அடையாளம்.

கழுவுவதில்தான் இங்கே அதிகம் தவறு நடக்கிறது. தின்னரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் கிரீஸை எடுக்கும், உப்பைக் கரைக்காது. உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது, அதிலேயே உப்பு இருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 1 லிட்டர் போதும். போர்டை மட்டும் தனியே கழற்றி, வால்யூம், டோன் பொட்டுகள் (திருகும் கட்டுப்பாடுகள்) நனையாமல் பார்த்துக்கொண்டு, மென்மையான டூத் பிரஷ்ஷால் இரண்டு முறை தேய்த்துக் கழுவுங்கள். அதன்பிறகு ஆல்கஹால் ஊற்றி நீரை விரட்டுங்கள். ஒரு முழுநாள் நிழலில், ஃபேன் காற்றில் காயட்டும். பிறகு கனெக்டர்களை எல்லாம் பிடுங்கித் திரும்பச் செருகுங்கள். சுற்றிலும் கோடு விழுந்த சால்டர்களை 63/37 ரோசின் சால்டரால் புதுப்பியுங்கள். பாத்திரம் அடைக்கிற அமில ஃப்ளக்ஸ் பக்கத்திலேயே வரக்கூடாது. எல்லாம் வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே, ஜாக், பொட், கனெக்டர், ஹீட்சிங்க் ஆகியவற்றை டேப்பால் மூடிவிட்டு, போர்டுக்கு அக்ரிலிக் கோட்டிங் ஸ்ப்ரே இரண்டு கை. கழுவாமல் கோட்டிங் அடித்தால் உப்பை உள்ளே பூட்டிவைத்து வளர்க்கிறீர்கள். முறையாகக் கழுவி கோட்டிங் அடித்த போர்டுகள், புதிதாக வாங்கி அப்படியே வைத்தவற்றைவிட இங்கே அதிக காலம் தாங்குகின்றன.

அவுட்புட் ஐசி மாற்றினால் இரண்டு விஷயம். டிடிஏ2030, 2050, எல்எம்3886டி இவற்றின் உலோக முதுகு நெகட்டிவ் சப்ளையோடு இணைந்தது. மைக்கா தகடும் திருகுக்குப் பிளாஸ்டிக் வாஷரும் இல்லாமல் ஹீட்சிங்கில் முறுக்கினால் ஆன் செய்த கணமே போய்விடும். அடுத்தது, ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் அவுட்புட்டில் டிசி அளப்பது. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம். முழு வோல்ட்டுகளில் நின்றால் ஐசி இன்னும் சரியில்லை. மாட்டினால் ஸ்பீக்கர் காயிலும் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) எரியும். போலி ஐசிகள் சந்தையில் நிறைய, ஆகவே மிக மலிவாகக் கிடைப்பதை ஒதுக்குங்கள். விடாத இரைச்சல், வால்யூமைக் குறைத்தாலும் 100 ஹெர்ட்ஸில் நின்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர் மாற்றுங்கள், 105 டிகிரி வகையில். 50 ஹெர்ட்ஸ் என்றால் எர்த் அல்லது வயர் ஷீல்டு.

ஸ்பீக்கருக்கு: 8 ஓம் என்று எழுதியது மீட்டரில் 6 முதல் 7 ஓம் காட்ட வேண்டும். 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் கோன் அசைய வேண்டும். இரண்டு கையாலும் சமமாக அழுத்தும்போது உரசல் கேட்டால், காயில் ஓடும் இடைவெளியில் துரு ஏறியிருக்கிறது. நல்ல கிட்டார் ஸ்பீக்கர் என்றால் காயில் மாற்றலாம், இடைவெளியைத் துடைத்துத் துருவை முழுக்க எடுத்தால் மட்டும். அந்த இடத்தில் கார் வூஃபர் போடுவது பணத்துக்குக் கேடு. கிட்டாரின் நடுத்தொனி அதில் எழும்பவே எழும்பாது.

போர்டு போய் பெட்டியும் ஸ்பீக்கரும் நன்றாக இருந்தால் புது ஆம்ப் வாங்கத் தேவையில்லை. எல்எம்3886 பவர் போர்டு ஒன்றும் 24-0-24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் மாட்டினால், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின் 33 வோல்ட் அளவில் இருபுறமும் கிடைக்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் 40 வாட் வரும். இதே டிரான்ஸ்ஃபார்மரில் டிடிஏ2050 போர்டை மாட்டிவிடாதீர்கள். அதன் எல்லை 25 வோல்ட். 15-0-15 தான் அதற்கு. கிட்டார் சிக்னலைத் தயார்செய்யும் முன்பகுதிக்கு, பாடகர் குழுக்களில் இன்று பலரும் வைத்திருக்கிற மல்டி எஃபெக்ட்ஸ் பெடலே போதும், அதன் அவுட்புட்டை நேராகக் கொடுக்கலாம். பாகங்கள் மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கிடைக்கும். போர்டு மட்டும் அழுகிப்போன ஆம்புகளுக்கு இந்தக் கரையில் எங்கள் முதல் சிபாரிசு இதுதான்.

வால்வு ஆம்பில் பெரும்பாலும் பாகங்களைத் தனித்தனியாக மாற்றலாம், ஆனால் 12ஏஎக்ஸ்7, இஎல்84 வால்வுகள் எல்லாம் வரவழைக்க வேண்டும், சாக்கெட் முனைகளும் இங்கே சீக்கிரம் கறுக்கும். தெரிந்த மெக்கானிக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் வைத்திருங்கள். டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாக மாற்றியமைக்கும் சிப்), கிளாஸ் டி பவர் பகுதி, எஸ்எம்பிஎஸ் எல்லாம் ஒரே போர்டில் உள்ள மாடலிங் ஆம்ப் எதிர்த்திசை: வாரண்டி முடிந்தபின் அதன் போர்டு போனால், கம்பெனி மாற்றுப் போர்டு தந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. உப்பு அரிப்புக்குப் பொதுவாக வாரண்டி பொருந்தாது என்பதையும் வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

புதிது வாங்கியே ஆக வேண்டும் என்றால் வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். 20 வாட்டிலிருந்து 40 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல்தான். ஏற்கெனவே மைக்செட் உள்ள கோயிலுக்கு லைன் அவுட் (மைக்செட்டுக்குச் சிக்னல் தரும் ஜாக்) உள்ள 20 வாட் தாராளம். பின்புறம் மூடிய பெட்டி, சட்டத்தில் நட் போட்டு முறுக்கிய உலோக ஜாக், சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். போர்டிலேயே சால்டர் வைத்த பிளாஸ்டிக் ஜாக் ஒவ்வொரு இழுப்புக்கும் சால்டரை உடைக்கும். பழைய ஆம்ப் வாங்குவதாக இருந்தால் பின்பலகைத் திருகுகளைப் பாருங்கள். துரு வழிந்து பலகையில் கோடு விழுந்திருந்தால், திறந்து காட்டச் சொல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

வைக்கும் இடம் கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், தரையிலும் வேண்டாம். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டும், கெட்டியான பருத்தித் துணி நல்லது. கச்சான் (மேற்குக் காற்று) வீசும் மாதங்களிலும் வாடைக் காலத்திலும் வாசிக்காவிட்டாலும் வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் ஆன் செய்து வையுங்கள், உள்வெப்பமே போர்டை உலர்த்திவிடும்.