டெக்சாஸ் ரியல் எஸ்டேட் உரிமம்: இணைய வகுப்பும் நேர் வகுப்பும்

டெக்சாஸ் மாநிலத்தில் வீடு, மனை விற்பனை முகவராக உரிமம் பெற விரும்புவோர், மாநில ரியல் எஸ்டேட் ஆணையம் வகுத்துள்ள ஆறு பாடங்களைப் பாடத்திற்கு 30 மணி நேரம் வீதம் மொத்தம் 180 மணி நேரம் படிக்க வேண்டும். இந்த ஆறில் நான்கை ஓர் இணையப் பயிற்சி நிறுவனத்திலும், இரண்டை டாலஸ் நகருக்கு வடக்கே உள்ள ஒரு பள்ளியிலும் படித்தேன். எந்தப் பாடத்தை எங்கே படிப்பது என்பதைத் தொடக்கத்தில் கட்டணத்தை மட்டுமே பார்த்து முடிவு செய்தேன். அது தவறு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

அடிப்படைக் கோட்பாடுகள் இரண்டு பாகங்களுக்கும் வீட்டுக் கடன் பாடத்திற்கும் இணைய வகுப்பு மிகவும் ஏற்றது. பிள்ளைகள் உறங்கிய பிறகு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் எனக்குப் படிக்க நேரம் கிடைத்தது. மணவாழ்வில் சேரும் சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொது என்பதும், குடியிருக்கும் வீட்டை விற்க இருவரின் கையொப்பமும் வேண்டும் என்பதும் ஒருமுறை வாசித்தாலே மனத்தில் பதியும். கணக்குகளுக்குத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கும் வசதி பெரிதும் உதவியது. ஆண்டுச் சொத்து வரி 7,300 டாலர் என்றால் நாளொன்றுக்கு 20 டாலர். ஜூன் 30 அன்று விற்பனை முடிந்தால், ஜனவரி 1 முதல் அந்த நாளையும் சேர்த்து 181 நாட்களுக்கு விற்பவரின் பங்கு 3,620 டாலர். இந்தக் கணக்கு பிடிபடும்வரை அந்தக் காணொளியை நான்கு முறை பார்த்தேன். நேர் வகுப்பில் நான்காவது முறை கேட்கக் கூச்சப்பட்டிருப்பேன்.

ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் குறிப்பிட்ட நேரம் ஓடி முடிந்தால்தான் அடுத்த பக்கம் திறந்தது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் ஒரே அளவு நேரம் செலவானது. சந்தேகம் எழுதி அனுப்பினால் மூன்று, நான்கு நாள் கழித்து வந்த பதில், பாடத்தில் இருந்த வரிகளையே திருப்பிச் சொன்னது. முகவர் சட்டம் என்ற பாடத்தை அங்கே படித்ததற்காக வருந்துகிறேன். ஒரே புரோக்கர் (முகவர்கள் யாரின் கீழ் வேலை செய்கிறார்களோ அந்த மேல்நிலை உரிமம் பெற்றவர்) வாங்குபவர், விற்பவர் இருவரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்துடன் இடைநிலையாளராகச் செயல்படும்போது யார் யாருக்கு ஆலோசனை சொல்லலாம் என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஒப்பந்தச் சட்டத்தையும் ஒப்பந்தப் படிவங்களையும் பள்ளியில் படித்தேன். பாடத்திற்கு நான்கு சனிக்கிழமைகள், ஒரு வழிக்கு முக்கால் மணி நேரக் கார்ப் பயணம், இணையக் கட்டணத்தைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு செலவு. அத்தனைக்கும் அது தகுதியானதே. ஆசிரியர் தொழிலில் இருக்கும் புரோக்கர். ஆளுக்கொரு வெற்று விற்பனை ஒப்பந்தத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். பிறகு, ஒப்பந்தம் புதன்கிழமை நடைமுறைக்கு வந்து, வாங்குபவருக்குக் காரணம் சொல்லாமல் விலகும் உரிமை ஏழு நாட்களுக்கு இருந்தால், அது எப்போது முடியும் என்று கேட்டார். வகுப்பில் பாதிப் பேர் செவ்வாய் என்றோம். எண்ணிக்கை மறுநாள்தான் தொடங்குகிறது; ஆகவே அடுத்த புதன்கிழமை மாலை 5 மணி. முன்பணம் செலுத்த வேண்டிய மூன்று நாட்களில் கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையானால் அடுத்த வேலை நாள்வரை நீளும். விலகும் உரிமைக்கு அந்தச் சலுகை கிடையாது. இதை ஒரு நாள் தவறாக எண்ணும் முகவரால் வாங்குபவர் தம் முன்பணத்தையே இழக்க நேரிடலாம். எங்கள் தவறான விடைகளைப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் யாருடைய பணத்தைப் பாதிக்கும் என்று அவர் விளக்கிய அந்த ஒரு மணி நேரத்திற்காகவே நேர் வகுப்பைப் பரிந்துரைப்பேன்.

உரிமத்துக்கான தேர்வு இரண்டு பகுதிகளாக நடக்கிறது: தேசிய அளவிலான கேள்விகள் 85, மாநிலச் சட்டக் கேள்விகள் 40. தேசியப் பகுதியில் முதல் முயற்சியிலேயே தேறினேன். மாநிலப் பகுதியில் தவறினேன். தோற்ற பகுதியை மட்டும் மீண்டும் எழுதினால் போதும் என்றாலும், மூன்று முறை தவறினால் கூடுதல் மணி நேரம் படித்த பின்பே மறுபடி எழுத முடியும் என்பதால் பயம் வந்துவிட்டது. மீண்டும் பணம் கட்டி அதே பள்ளியின் முகவர் சட்ட வகுப்பில் உட்கார்ந்தேன். ஆசிரியர் ஒரு மாணவரைப் புரோக்கராகவும், இருவரை அவர் இரு தரப்புக்கும் தனித்தனியே நியமித்த முகவர்களாகவும் நிற்க வைத்தார். நியமிக்கப்பட்ட முகவர் தம் தரப்புக்கு ஆலோசனை சொல்லலாம், நடுவில் நிற்கும் புரோக்கர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பது பத்தே நிமிடத்தில் தெளிவானது. அடுத்த முயற்சியில் தேறினேன்.

பள்ளியைத் தேர்வு செய்யும்போது விளம்பரத்தைவிட ஆணையத்தின் இணையதளத்தை நம்புங்கள். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் தேர்ச்சி விகிதங்கள் அங்கே வெளியிடப்படுகின்றன. நேர் வகுப்பில் ஒரு நாள் வர இயலாமல் போனால் அந்த நேரத்தை எப்படி ஈடுசெய்வது என்பதையும், தேர்வில் தவறினால் அதே பாடத்தில் கட்டணமின்றி மீண்டும் அமர விடுவார்களா என்பதையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.